லீஷ்மேனியா வந்த நாய்க்கு எந்த மருந்து, வராத நாய்க்கு எந்தக் காவல்?

ஸ்பெயின், போர்ச்சுகல், இத்தாலி, கிரீஸ், பிரான்சின் தென்கரை, இந்தப் பக்கம் நாய் வளர்ப்பவர்களுக்கு லீஷ்மேனியா என்பது நம் ஊர்க்காரர்களுக்கு உண்ணிக் காய்ச்சல் மாதிரி. பக்கத்து வீட்டு நாய்க்கு வந்திருக்கும், பூங்காவில் பார்க்கிற இன்னொரு நாய் அதற்கு மாத்திரை தின்றுகொண்டிருக்கும், கால்நடை மருத்துவரிடம் போனால் சுவரில் அதைப் பற்றிய போஸ்டர் தொங்கும். நம் ஆட்களில் பலருக்கோ அது புதுப் பெயர். சிசிலியில் பாலெர்மோ போன்ற ஊர்களில் இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன, அவர்களுக்கு இது வாசலில் இருக்கும் நோய். ஜெர்மனி, சுவிஸ், லண்டனில் இருப்பவர்களுக்கு இது தத்தெடுத்த நாயோடு பெட்டிக்குள் வரும் நோய், ஏனென்றால் அங்கே காப்பக நாய் வேண்டுமென்று தேடினால் பாதி விளம்பரம் ஸ்பெயினிலிருந்தும் கிரீஸிலிருந்தும்தான் வருகிறது. நான் ஸ்பெயினில் கடற்கரைப் பக்கம் இருப்பதால் தெரிந்தவர்கள் என்னிடம் கேட்பது எப்போதும் மூன்று கேள்விதான்: ஊசி போடச் சொல்கிறார்கள், வாயில் கொடுக்கும் மருந்து போதாதா? தடுப்பூசி போட்டாச்சே, பட்டை எதற்கு? பாஸிட்டிவ் நாயை எடுக்கலாமா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தடுப்பைப் பொறுத்தவரை மருந்து ஏற்றிய கழுத்துப்பட்டைதான் முதல் செலவு, தடுப்பூசி அதற்கு மேல் வேண்டுமானால். சிகிச்சையைப் பொறுத்தவரை எந்த மருந்து என்று மண்டையை உடைப்பதற்கு முன் நாயின் சிறுநீரைப் பரிசோதியுங்கள், பாதி முடிவை அதுவே எடுத்துவிடும். கீழே வரும் மருந்து அளவுகள் உங்களுக்குப் புரிவதற்காகத்தான், நாயைக் கையில் தொட்டுப் பார்த்த மருத்துவர் சொல்வதே கடைசி.

நோயைப் பற்றிச் சுருக்கமாக. லீஷ்மேனியா இன்ஃபேன்டம் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி, அதைச் சுமப்பது மணல் ஈ. பெயரில்தான் ஈ, ஆள் 2, 3 மில்லிமீட்டர்தான், கொசுவைவிடச் சின்னது, சத்தமே போடாது, பலமாகப் பறக்கவும் தெரியாது, தத்தித் தத்திப் போகும். அந்தி சாய்ந்ததிலிருந்து விடியும் வரை கடிக்கும். இது தண்ணீரில் முட்டையிடுவதில்லை, அதனால் தேங்கிய நீரைக் கொட்டிவிட்டேன் என்று நிம்மதியாக இருக்க முடியாது. மக்கிய இலை, சுவர் விரிசல், கல் அடுக்கின் இடுக்கு, விலங்குகள் அடைந்த கொட்டகை, இங்கெல்லாம் வளரும். மத்தியதரைக் கடல் பக்கம் பொதுவாக ஏப்ரல், மே தொடங்கி அக்டோபர், நவம்பர் வரை இதன் காலம்.

இந்த ஒட்டுண்ணிக் குடும்பத்தின் பெயருக்கும் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1903-இல் வில்லியம் லீஷ்மன் கல்கத்தா அருகே டம்டமில் இருந்து திரும்பிய ஒரு சிப்பாயின் மண்ணீரலில் பார்த்ததை வெளியிட்டார், அதே ஆண்டு மெட்ராஸ் பொது மருத்துவமனையில் வேலை பார்த்த சார்லஸ் டொனோவன் தன் நோயாளிகளிடமும் அதையே கண்டார், இருவர் பெயரையும் சேர்த்துத்தான் லீஷ்மேனியா டொனோவானி. நாய்க்கும் இந்த வகை ஒட்டுண்ணி வரும் என்று 1908-இல் துனிஸில் கண்டுபிடித்தவர் சார்ல் நிக்கோல். பீகாரில் மனிதர்களுக்கு வரும் காலா அசார் (கருங்காய்ச்சல்) டொனோவானியால் வருவது, மனிதரிடமிருந்து மணல் ஈ வழியாக மனிதருக்கே போகிறது, அங்கே நாயை யாரும் காரணமாகச் சொல்வதில்லை. மத்தியதரைக் கடலோரத்திலும் பிரேசிலிலும் இருக்கும் இன்ஃபேன்டத்துக்குத்தான் நாய் முக்கியமான இருப்பிடம். ஆக, மதுரையிலோ கோவையிலோ உங்கள் நாட்டு நாய்க்கு மூக்கில் ரத்தம் வந்தால் இந்தக் கட்டுரையைப் படித்துப் பயப்படாதீர்கள், முதலில் சந்தேகப்பட வேண்டியது உண்ணியால் வரும் எர்லிக்கியா. அந்த நாய் எப்போதாவது ஐரோப்பாவில் வாழ்ந்திருந்தால் கதை வேறு, அதை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்ல வேண்டும், அவர் கேட்க மாட்டார்.

எதைப் பார்த்துச் சந்தேகப்படுவது

கடித்த உடனே ஒன்றும் தெரியாது. சில மாதங்களிலும் வெளிப்படலாம், சில வருடம் கழித்தும் வெளிப்படலாம், தொற்று இருந்தும் கடைசி வரை நோயே வராத நாய்களும் ஏராளம். இது மனதில் பதிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும்: தொற்று வேறு, நோய் வேறு.

பெரும்பாலும் முதலில் காட்டிக்கொடுப்பது தோல். எங்கள் நாய் மல்லிக்குக் காது விளிம்பில் ஆரம்பித்தது. சீப்பு வைத்து வாரினால் சீப்பின் பல்லெல்லாம் வெள்ளைச் செதில், சொறி நாய்க்கு இருக்கும் அரிப்போ இல்லை, நாய் பாட்டுக்குப் படுத்திருக்கிறது. இந்த 'அரிப்பில்லாத செதில்' ஒரு நல்ல துப்பு. அப்புறம் கண்ணைச் சுற்றி முடி கொட்டும், காது நுனியிலும் மூக்கிலும் ஆறாத புண் வரும், நகம் அளவுக்கு மீறி வளைந்து நீளும். தாடைக்குக் கீழேயும் பின்னங்காலின் முழங்கால் பின்புறமும் நெறி கட்டியிருக்கும். நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு இளைக்கும், தலையின் மேல்பக்கச் சதை வற்றி மண்டை ஓடு தெரிகிற மாதிரி ஆகும். சில நாய்க்குக் கண் சிவந்து மங்கும், சிலது நொண்டும், சிலதுக்கு மூக்கில் ரத்தம் நிற்காமல் ஒழுகும்.

இதில் ஒன்றுமே வெளியே தெரியாமல் கிட்னியை மட்டும் தின்றுகொண்டிருக்கும் வகைதான் மோசம். ஒட்டுண்ணியை எதிர்க்க உடம்பு கண்டபடி எதிர்ப்புப் புரதம் உற்பத்தி செய்கிறது, அந்தப் புரதக் கூட்டுகள் சிறுநீரக வடிகட்டியில் போய் அடைகின்றன, வடிகட்டி கிழிகிறது, சிறுநீரில் புரதம் போக ஆரம்பிக்கிறது. லீஷ்மேனியாவில் சாகும் நாய்களில் பெரும்பாலானவை சாவது இதில்தான். அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறது, அதிகமாக மூத்திரம் போகிறது என்று நீங்கள் கவனிக்கும் நேரத்தில் கணிசமான சேதம் ஆகியிருக்கும்.

பாக்ஸர், ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வைலர் இனங்களுக்கு இது வேகமாக ஏறும், பலியாரிக் தீவுகளின் இபிசா வேட்டை நாய் ஓரளவு தாங்கும் என்று ஆய்வுகள் உண்டு. அலர்ஜி என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்துக்கொண்டே போவது இந்த நோயில் கெடுதல், எதிர்ப்பு சக்தியை அமுக்கினால் ஒட்டுண்ணிக்குக் கொண்டாட்டம்.

எந்தப் பரிசோதனைக்குக் காசு கொடுப்பது

கிளினிக்கிலேயே சில நிமிடத்தில் கோடு காட்டும் விரைவுச் சோதனை மலிவு, வசதி. பாஸிட்டிவ் என்று காட்டினால் பயன் உண்டு, நெகட்டிவ் என்றால் நிம்மதி கொள்ள முடியாது, ஏனென்றால் அந்த எதிர்ப்புப் புரதம், அதாவது எதிர்ப்பொருள், குறைவாக இருக்கும் நாயை அது தவறவிடும். ஆய்வகத்துக்கு அனுப்பி அளவோடு வரும் எலைசா அல்லது ஐஃபாட் சோதனை இன்னும் கொஞ்சம் செலவு, ஆனால் 'இருக்கிறது', 'இல்லை' என்பதோடு நிற்காமல் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணாகச் சொல்லும். அறிகுறியும் இருந்து எண்ணும் எகிறியிருந்தால் விவாதமே இல்லை, நோய்தான். எண் குறைவாக, நாய் நன்றாக இருந்தால் அது தொற்று மட்டும், மருந்து வேண்டாம், சில மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம். சந்தேகம் தீராவிட்டால் ஒட்டுண்ணியின் மரபணுவையே தேடும் பிசிஆர் சோதனை. இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: ரத்தத்தில் செய்யும் பிசிஆர் பலவீனமானது, எலும்பு மஜ்ஜையிலோ நெறிக்கட்டியிலோ ஊசி விட்டு எடுத்த மாதிரியில் செய்தால்தான் நம்பலாம். ரத்த பிசிஆர் நெகட்டிவ் என்று ஒரு தாளைக் காட்டி நாய் சுத்தம் என்று சொன்னால் ஏற்காதீர்கள்.

என்னைக் கேட்டால் காசு குறைவாக இருப்பவர் பிசிஆரை விட்டுவிட்டு அளவு காட்டும் எதிர்ப்பொருள் சோதனை, முழு ரத்தப் பரிசோதனை, சிறுநீரில் புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் (கிட்னி வெளியேற்றும் ஒரு கழிவு) உள்ள விகிதம், இந்த மூன்றுக்கும் செலவழிக்கட்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த விகிதம் 0.2-க்குக் கீழ் என்றால் நல்லது, 0.5-ஐத் தாண்டினால் கிட்னி புரதத்தை விட ஆரம்பித்துவிட்டது என்று பொருள். ஐரோப்பிய மருத்துவர்கள் பின்பற்றும் லீஷ்வெட் வழிகாட்டி நோயை நான்கு நிலையாகப் பிரிப்பதே பெருமளவு இந்த விகிதத்தையும் ரத்தக் கிரியாட்டினினையும் வைத்துத்தான். ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறுவது தாமதமாக நடக்கும், சிறுநீர் முன்பே சொல்லிவிடும். இத்தனைக்கும் அதற்கு ஊசி கூட வேண்டாம், காலையில் வாக்கிங் போகும்போது ஒரு கரண்டியை நீட்டிப் பிடித்தால் போதும் (பெண் நாய் சட்டென்று உட்கார்ந்துவிடும், நீளக் கைப்பிடிக் கரண்டி வசதி).

ஊசியா, வாயில் கொடுக்கும் மருந்தா

சரி, நோய்தான் என்று தெரிந்துவிட்டது. முதலில் ஒன்றை ஏற்றுக்கொள்ளுங்கள்: எந்த மருந்தும் ஒட்டுண்ணியை உடம்பிலிருந்து முழுசாகத் துடைப்பதில்லை. அடக்கி வைக்கிறோம், நாய் நன்றாக வாழ்கிறது, சில நேரம் மறுபடி தலை தூக்கும், மறுபடி அடக்குகிறோம். குணமாகுமா என்ற கேள்விக்கு மருத்துவர்கள் சுற்றி வளைத்துப் பதில் சொல்வது இதனால்தான்.

ஐரோப்பாவில் உண்மையில் தேர்வு இரண்டுதான். ஒன்று மெக்லுமின் ஆன்டிமோனியேட், க்ளூகான்டைம் என்ற பெயரில் வரும் ஊசி. ஆன்டிமனி உலோகத்தை வைத்து காலா அசாரை அடித்த வரலாறு நம் நாட்டிலும் உண்டு, கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி 1920-களில் யூரியா ஸ்டிபமைன் கொண்டுவந்து எத்தனையோ உயிரைக் காப்பாற்றினார், பின்னாளில் பீகாரில் ஆன்டிமனிக்கு ஒட்டுண்ணி மசியாமல் போனதும் அதே வரலாற்றின் பகுதி. இன்னொன்று மில்டிஃபோசின், நாய்க்கு மில்டிஃபோரான் என்று வரும் திரவம். புற்றுநோய்க்கென்று உருவாக்கத் தொடங்கிய மருந்து இது, 2002-இல் இந்தியா மனிதர்களின் காலா அசாருக்கு அனுமதித்தது.

எதை எடுத்தாலும் கூடவே அலோபியூரினால் உண்டு. ஆம், நம் வீட்டுப் பெரியவர்கள் யூரிக் ஆசிட்டுக்குப் போடும் அதே மாத்திரை. அது ஒட்டுண்ணியைக் கொல்லாது, பெருகவிடாமல் வைக்கும், மாதக்கணக்கில், சில நாய்க்கு வருடக்கணக்கில் போகும்.

15 கிலோ நாயை வைத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். க்ளூகான்டைம் வழக்கமான அளவு கிலோவுக்கு நாளொன்றுக்கு 100 மி.கி, தோலுக்குக் கீழே, குறைந்தது நான்கு வாரம். மருந்தின் அடர்த்திக்கு அது 5 மில்லி வருகிறது, நாய்க்கு அது சின்ன அளவு இல்லை, அதனால் பலர் காலை மாலை என்று பிரித்துப் போடச் சொல்வார்கள். குத்தும் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்காவிட்டால் முதுகில் கட்டி கட்டும், வலிக்கும், சிரிஞ்சைப் பார்த்ததும் நாய் மேசைக்கு அடியில் போய்ப் புகுந்துவிடும். மில்டிஃபோசின் கிலோவுக்கு 2 மி.கி, தினம் ஒருமுறை, 28 நாள், அதே நாய்க்கு 1.5 மில்லி, சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் முடிந்தது. கேட்கும்போதே இரண்டாவதுதான் சுகம் என்று தோன்றும். தோன்றட்டும், ஆனால் அது வயிற்றைக் கலக்கும். வாந்தியும் பேதியும் அடிக்கடி வருகிற பக்கவிளைவு, வெறும் வயிற்றில் கொடுத்தால் இன்னும் மோசம். பாட்டிலைக் குலுக்கக் கூடாது, நுரைத்து அளவு தப்பும். கையுறை போட்டுத்தான் கையாள வேண்டும், கருவைப் பாதிக்கும் மருந்து என்பதால் கர்ப்பிணிகள் அந்தப் பக்கமே போகக் கூடாது, மருந்து தின்ற கையோடு நாய் யாரையும் நக்கவும் விடக் கூடாது. வீட்டில் ஒருவர் கர்ப்பமாக இருக்கிறார், அவர்தான் நாய்க்குச் சோறு வைப்பவர் என்றால் அந்த ஒரு காரணமே ஊசியின் பக்கம் தள்ளிவிடும்.

பலன்? முதல் சில மாதங்களில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது, இரண்டிலும் நாய் தேறுகிறது, செதில் உதிர்ந்து புது முடி வருகிறது. நீண்ட காலம் தொடர்ந்து பார்த்ததில் ஊசி போட்ட நாய்களில் நோய் திரும்புவது குறைவு என்று காட்டிய ஆய்வு உண்டு, நானும் அந்தப் பக்கம்தான் சாய்வேன், கிட்னி நன்றாக இருந்தால். அந்த 'இருந்தால்' மிக முக்கியம். ஆன்டிமனி சிறுநீரகம் வழியாக வெளியேறும், அதற்குச் சிரமம் கொடுக்கவும் கூடும், மில்டிஃபோசின் அப்படி இல்லை. அதனால் சிறுநீரில் புரதம் போகிற நாய்க்குப் பல மருத்துவர்கள் திரவ மருந்தையே எடுக்கிறார்கள். நோய் முற்றி நான்காம் நிலைக்கு வந்த நாய்க்கு லீஷ்வெட் சொல்வது அலோபியூரினால் மட்டும், கூடவே கிட்னிக்கான உணவும் மருந்தும். அந்த நிலையில் பெரிய மருந்தைத் திணிப்பதில் லாபம் இல்லை.

செலவைப் பார்த்து 'அலோபியூரினால் மட்டும் கொடுத்தால் என்ன' என்று கேட்பவர்கள் உண்டு. மலிவான மாத்திரை, வெளித் தோற்றம் தேறவும் செய்யும். ஆனால் அதை நிறுத்தினால் நோய் திரும்பும், நோய் திரும்பிய நாய்களில் அலோபியூரினாலுக்கு மசியாத ஒட்டுண்ணிகளை இஸ்ரேலில் பிரித்தெடுத்திருக்கிறார்கள். கையில் நிஜமாகவே காசில்லை என்றால் ஒன்றும் இல்லாததற்கு இது எவ்வளவோ மேல், அதற்கு மேல் இதைப் புகழ மாட்டேன். இதன் இன்னொரு தொல்லை சாந்தைன் கல். உணவிலிருந்து வரும் பியூரின் என்ற பொருளை உடம்பு உடைக்கும் பாதையை இந்த மாத்திரை அடைப்பதால் நடுவழியில் சாந்தைன் சேர்ந்து சிறுநீரில் மணலாகவும் கல்லாகவும் படியும். நம் வீடுகளில் இது நிஜமான பிரச்சினை, நாய்க்கு ஆசையாக ஈரல் போடுவோம், மத்தி மீன் தலையைப் போடுவோம், நெத்திலிக் கருவாட்டைப் பொடித்துச் சோற்றில் தூவுவோம். மூன்றிலும் பியூரின் அதிகம். மாத்திரை ஓடும் வரை அதெல்லாம் நிறுத்தம், நிறையத் தண்ணீர், சில மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரில் படிகம் இருக்கிறதா என்று பார்ப்பது. மல்லி மூத்திரம் போக முக்கினாலே நான் மாத்திரையைத்தான் முதலில் சந்தேகப்படுவேன்.

வாந்திக்குக் கொடுக்கும் டோம்பெரிடோனும் இங்கே ஒரு தேர்வு என்றால் ஆச்சரியப்படுவீர்கள். அது புரோலாக்டின் என்ற ஹார்மோனைக் கூட்டி, உடம்பின் செல்வழி எதிர்ப்பைத் தட்டி எழுப்புகிறது என்பது கணக்கு. மிக லேசான முதல் நிலையிலும் தடுப்புக்கும் ஒரு மாதச் சுற்றாகக் கொடுக்கிறார்கள். உண்மையான நோய் வந்த நாய்க்கு அதை மட்டும் நம்புவது வீண்.

ஆம்ஃபோடெரிசின் பி பற்றி இணையத்தில் படித்துவிட்டு அதைக் கேட்காதீர்கள். மனிதர்களுக்குக் கடைசிக் கையிருப்பாக இருக்கும் மருந்து, நாய்க்குக் கொடுத்து ஒட்டுண்ணியைப் பழக்கிவிடக் கூடாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலை.

மருந்தே வேண்டாம், நாயைப் போக்கிவிடலாம் என்ற முடிவும் ஒரு நாட்டின் கொள்கையாகவே இருந்திருக்கிறது. பிரேசிலில் பல பத்தாண்டுகள் பாஸிட்டிவ் நாய்களைப் பிடித்துக் கொன்றார்கள், மனித மருந்தால் நாயைக் குணப்படுத்த 2008-இல் தடை போட்டார்கள், 2016-இல்தான் நாய்க்கென மில்டிஃபோசினை அனுமதித்தார்கள். இத்தனை நாயைக் கொன்றும் மனிதர்களிடம் நோய் எதிர்பார்த்த அளவு குறையவில்லை. அங்கேயும் இப்போது பேச்சு பட்டையைப் பற்றி.

பட்டை, சொட்டு மருந்து, மாத்திரை, தடுப்பூசி

தடுப்பில் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பழகுங்கள்: இது மணல் ஈயைக் கடிப்பதற்கு முன் விரட்டுமா, கடித்த பின் கொல்லுமா? ஒட்டுண்ணி கடிக்கும்போதே ஏறிவிடுகிறது, அதனால் விரட்டுவதுதான் வேண்டும். இந்தக் கேள்வியில் தோற்பவை மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ கொடுக்கும் பிரவெக்டோ, நெக்ஸ்கார்டு வகை மாத்திரைகள். உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் அருமை, ஆனால் பூச்சி ரத்தம் குடித்தால்தான் சாகும். 'எல்லாப் பூச்சிக்கும் மாத்திரை கொடுக்கிறோமே' என்று பட்டையைக் கழற்றிவிட்டவர்களை இந்த ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பட்டையில் இரண்டு பெயர் அதிகம் கேட்பீர்கள். ஸ்காலிபோர், டெல்டாமெத்ரின் ஏற்றியது, நேரடியாக மணல் ஈயை விரட்டுவதற்கே பெயர் போனது. செரெஸ்டோ, இமிடாக்ளோபிரிட்டும் ஃப்ளூமெத்ரினும் சேர்ந்தது, எட்டு மாதம் வரை லீஷ்மேனியா பரவும் அபாயத்தைக் குறைக்கும் என்பது அதன் அனுமதிக் குறிப்பு, உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் சேர்த்தே வேலை செய்யும். உண்ணிக்குத் தனியாக மாத்திரை கொடுப்பவர் முதலாவதை எடுக்கலாம், எல்லாம் ஒன்றிலேயே முடிய வேண்டும் என்பவர் இரண்டாவதை. எதை வாங்கினாலும் கட்டுகிற விதம் சரியாக இருக்க வேண்டும்: இரண்டு விரல் நுழையும் இடைவெளி, முடிக்கு மேல் தொங்காமல் தோலைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும், மிச்ச நீளத்தை நறுக்கிப் பிள்ளைகள் கைக்குப் போகாமல் குப்பையில் போட வேண்டும். கட்டிய அன்றே காவல் கிடைக்காது, மருந்து தோலின் எண்ணெய்ப் பசையில் உடல் முழுக்கப் பரவ ஒரு வாரத்துக்கு மேல் பிடிக்கும். கோடை விடுமுறைக்கு நாயோடு ஸ்பெயின் வருபவர்கள் விமான நிலையத்தில் பட்டையை மாட்டினால் விடுமுறை முடியும்போதுதான் அது வேலை செய்யும்.

பிடரியில் ஊற்றும் பெர்மெத்ரின் சொட்டு மருந்து, அட்வான்டிக்ஸ் போன்றவை, சீக்கிரம் வேலை செய்யும், அதனால் கடைசி நேரப் பயணத்துக்கு ஏற்றது. ஆனால் ஸ்பெயினில் அதிகம் இருக்கும் மணல் ஈக்கு எதிராக அதன் ஆயுள் மூன்று வாரம்தான், மாதம் ஒருமுறை என்று நாட்காட்டியில் குறித்தால் கடைசி வாரம் காவலில்லாமல் போகும். அடிக்கடி கடலில் குதிக்கிற நாய்க்கும் வாராவாரம் ஷாம்பு போடுகிற வீட்டுக்கும் பொருந்தாது. ஏழு மாதம் விடாமல் மூன்று வாரத்துக்கு ஒருமுறை நினைவு வைத்து ஊற்றக்கூடியவர் நம்மில் எத்தனை பேர்? நான் அந்த ஆள் இல்லை.

பூனை இருக்கிற வீடுகள் இங்கே நின்று படிக்கவும். பெர்மெத்ரின் பூனைக்கு விஷம், ஊற்றிய நாயின் முதுகை நக்கினாலே வலிப்பு வந்து செத்துப்போகலாம். நாயும் பூனையும் ஒன்றாகப் படுக்கும் வீடு என்றால் பூனைக்கும் தனிப் பதிப்பு விற்கும் செரெஸ்டோவை மருத்துவரிடம் கேளுங்கள்.

தடுப்பூசிக்கு வருவோம். ஐரோப்பாவில் முதலில் வந்தது 2011-இல் அனுமதி பெற்ற கனிலீஷ், மூன்று வார இடைவெளியில் மூன்று ஊசி, அப்புறம் வருடாவருடம். அதைப் போட்டால் எதிர்ப்பொருள் சோதனை குழம்பும், பின்னால் நாய்க்கு நோயா, ஊசியின் எச்சமா என்று பிரிப்பது தலைவலி. 2016-இல் லெட்டிஃபென்ட், வருடத்துக்கு ஒரே ஊசி, சோதனையைக் குழப்பாது. 2022-இல் மூக்கில் விடும் நியோலீஷும் அனுமதி பெற்றது. பின்னால் வந்தவைதான் வசதி என்பதில் சந்தேகமில்லை. ஆறு மாதம் தாண்டிய, முன்கூட்டியே சோதித்து எதிர்ப்பொருள் இல்லை என்று தெரிந்த நாய்க்கு மட்டுமே போட வேண்டும். முக்கியமாக, இவை தொற்றையே தடுப்பதில்லை, தொற்று நோயாக முற்றும் வாய்ப்பைக் குறைக்கின்றன. லெட்டிஃபென்டின் கள ஆய்வில் ஊசி போட்ட நாய்க்கு நோய் வரும் வாய்ப்பு ஐந்து மடங்கு குறைந்தது என்பது உற்பத்தியாளர் தரும் கணக்கு. நல்ல எண்தான். ஆனால் ஊசி போட்ட தைரியத்தில் பட்டையை விட்டால் ஈ கடிப்பது நிற்காது, அந்த ஈ அடுத்த நாய்க்கும் போகும்.

ஆக, சிசிலியிலோ வலென்சியாவிலோ வருடம் முழுக்க இருக்கிற, வெளியே அதிகம் சுற்றுகிற நாய்க்குப் பட்டையும் தடுப்பூசியும். அதே ஊரில் அடுக்குமாடியில் நான்காம் மாடியில் இருந்து இரவில் வெளியே போகாத நாய்க்குப் பட்டை மட்டும் போதும் என்பேன், மணல் ஈ உயரம் ஏறுவதில் சோம்பேறி. கோடையில் மட்டும் வந்து போகிற நாய்க்குப் பட்டை, அதுவும் முன்கூட்டியே. ஜன்னலுக்குச் சாதாரணக் கொசுவலை போட்டு ஏமாறாதீர்கள், அதன் கண்ணில் இது நுழைந்துவிடும், நெருக்கமான வலை வேண்டும். நாய் படுக்கிற இடத்தில் ஒரு மேசை விசிறி ஓடினால் கூட பலமாகப் பறக்கத் தெரியாத இந்த ஈ கிட்டே வரத் திணறும்.

பாஸிட்டிவ் நாயைத் தத்தெடுக்கலாமா

எடுக்கலாம், தெரிந்து எடுத்தால். சிகிச்சை நடந்து, எதிர்ப்பொருள் எண் இறங்கி, சிறுநீர் விகிதம் நன்றாக இருக்கும் பாஸிட்டிவ் நாய், தெற்கு ஸ்பெயினில் கோடை முழுக்க வெளியே கிடந்து செப்டம்பரில் 'நெகட்டிவ்' சான்றிதழோடு வரும் குட்டியைவிடக் கணிக்கக்கூடியது. அந்தக் குட்டிக்கு ஆகஸ்டில் கடி விழுந்திருந்தால் எதிர்ப்பொருள் தெரியவே சில மாதம் ஆகும். அதனால் நெகட்டிவ் நாயை எடுப்பவர்கள் வந்து ஆறு மாதம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும், இதைக் காப்பகங்கள் சொல்லும், ஆனால் தாளின் அடியில் சின்ன எழுத்தில் சொல்லும். பாஸிட்டிவ் நாயை எடுப்பவர்கள் முதல் வருடம் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை ரத்தமும் சிறுநீரும், அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அந்தச் செலவைத் தாங்க முடியுமா என்று முன்பே கணக்குப் போட வேண்டும். ஏற்கெனவே நோய் இருக்கும் நாய்க்குப் பல காப்பீடுகள் கைவிரித்துவிடும்.

வீட்டில் குழந்தை இருக்கிறது, ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்கிறார்கள். நக்கினால், கட்டிப் பிடித்தால் வராது, நடுவில் மணல் ஈ வேண்டும். ஆபத்து ஈ இருக்கும் ஊரில்தான், அதிலும் கைக்குழந்தைகளுக்கும், உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்கள் போல எதிர்ப்பு சக்தி அடக்கப்பட்டவர்களுக்கும். அங்கேயும் எல்லாப் பழியும் நாய்க்கு இல்லை: 2009 முதல் மாட்ரிட் அருகே ஃபுவென்லப்ராடாவில் நூற்றுக்கணக்கானோருக்கு வந்தபோது தேடிப் பார்த்ததில் புதுப் பூங்காவில் பெருகிய முயல்கள்தான் இருப்பிடம் என்று தெரிந்தது. பாஸிட்டிவ் நாய்க்கும் பட்டை கட்ட வேண்டும், அதைக் கடிக்கும் ஈ வேறொருவருக்குக் கொண்டுபோகாமல் இருக்க. அந்த நாயை இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது, தாயிடமிருந்து குட்டிக்குப் போகும், ரத்ததானத்துக்கும் கூடாது.

காப்பகத்திடம் பேசும்போது மூன்று விஷயம் கேளுங்கள். எந்தச் சோதனை, எந்த மாதத்தில் எடுத்தது. பாஸிட்டிவ் என்றால் எதிர்ப்பொருளின் எண் என்ன, சிறுநீர்ப் புரத விகிதம் என்ன. எந்த மருந்து, எத்தனை வாரம், எப்போது முடிந்தது. 'நெகட்டிவ்' என்ற ஒற்றை வார்த்தையை வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் ஆய்வகத்தின் பெயரும் தேதியும் இருக்கிற தாளின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள், அனுப்பிய பிறகு முன்பணம் கட்டுங்கள்.